எதைத் தராது என்பதையும் எழுதுங்கள்



வேர்ட்பிரஸ்ஸில் பாடசாலை, பள்ளிவாசல், கோயில் தளம் நடத்தும் ஹட்டன், நுவரெலியா உறவுகளுக்கு ஒரு விடயம்.

2025 டிசம்பரில் வந்த 6.9 பதிப்பில், ஏஐ உதவியாளரை இணைத்தால் தள விபரங்களை எடுத்துக் கொடுக்கும் கருவி ஒன்று இருக்கிறது. பெயர், முகவரி, மொழி, நிர்வாகியின் மின்னஞ்சல் எல்லாம் தரும். நேர வலயத்தைத் தராது. கருவிக்கு எழுதி வைத்த விளக்கத்தை வாசித்துத்தான் உதவியாளர் அதைப் பயன்படுத்துகிறது. "தராது" என்று அதில் எழுதாவிட்டால், தளம் இலங்கை நேரத்தில் இருப்பதாக ஊகித்துவிடலாம். தளம் யூடிசி நேரத்தில் இருந்தால், மாலை 5 மணிக்குக் குறித்த இஃப்தார் அறிவித்தல் இரவு 10.30க்குத்தான் வரும்.

இத்துறையில் இருக்கும் நம் பிள்ளைகளிடம் நாங்கள் கேட்பது இதுதான்: கருவி எதைத் தரும் என்பதோடு, எதைத் தராது என்பதையும் எழுதுங்கள். தளம் நடத்துவோர் நேர வலயம் கொழும்பு என்று இருக்கிறதா என இன்றே பாருங்கள்.