கிரேனுக்கு வாடகை பேசுறாங்க... உயிருக்கு யார் பொறுப்பு?

மண்ணூர்பேட்டை, அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பெரிய மிஷினை ஏத்தி இறக்க வாடகை கிரேன்தான் கதி. வாடகையை கறாரா பேசுறாங்க. சாய்ஞ்சா யார் பொறுப்புன்னு பேசுறதில்லை.

அப்படி பேசாம விட்டா என்ன ஆகும்? பக்கத்து பூந்தமல்லியிலேயே உதாரணம் இருக்கு. 2020 பிப்ரவரி 19-ந்தேதி இரவு, நசரத்பேட்டை ஈ.வி.பி. பிலிம் சிட்டியில் ‘இந்தியன் 2’ படப்பிடிப்பு. ராட்சத கிரேன் சரிந்து, உதவி இயக்குனர் உள்பட 3 பேர் பலி. பலர் படுகாயம்.

கிரேன் ஆபரேட்டர் கைதானார். பட நிறுவனமான லைகா மீதும் வழக்கு பாய்ந்தது. பாதுகாப்புக்கு தயாரிப்பாளரே பொறுப்பு என்று கமல்ஹாசன் கடிதம் எழுதினார். படப்பிடிப்பு உங்கள் மேற்பார்வையிலும், இயக்குனர் ஷங்கர் மேற்பார்வையிலும்தானே நடந்தது என்று லைகா திருப்பிக் கேட்டது.

கடைசியில் ஆகஸ்டு மாதம் 3 தரப்பும் சேர்ந்து ரூ.4 கோடி கொடுத்தன. நாடே பார்த்த விபத்து அது. எஸ்டேட் கூலிக்காரர் செத்தால்?

சட்டம் இருக்கு. தன் தொழில் சம்பந்தப்பட்ட வேலையை காண்டிராக்ட் விட்ட கம்பெனி, காண்டிராக்டர் ஆளுக்கும் நஷ்டஈடு தரணும். பிறகு காண்டிராக்டரிடம் வசூலிச்சுக்கலாம். 1923-லேயே வந்த விதி இது. ‘கிரேன்காரரை போய் கேளு’ன்னு கம்பெனி கைகழுவ முடியாது.

கொக்கி மாட்டுறதுக்கு முன்னாடியே தொழிலாளி கேட்கலாம்: இந்த கிரேன் எத்தனை டன் தாங்கும்? இன்சூரன்ஸ் இருக்கா? கேட்டால் வேலை போகுமோங்கற பயம்தான் பலர் வாயை அடைக்குது.