தகுதி நிலையானதன்று

மாத்தளை மாவட்டத்து எல்கடுவ போன்ற தோட்டப் பகுதிகள் கல்வியிற் பின்தங்கி நிற்பதேன் என்று வினவினால், லயன் அறைகளையும் கூலியையும் பாடசாலைகளையும் பாராது, "அது பரம்பரைக் குணம்" என்று தீர்ப்புரைப்போர் கற்றவரிடையேயும் உளர். அவர்கள் சாட்சிக்கு அழைப்பது கூர்ப்பியலை. தகுதி பிறவியிலேயே பொறிக்கப்பட்டது. தக்கது நிலைக்கும், தகாதது ஒழியும் என்பது அவர்தம் வாதம். கூர்ப்பியல் உண்மையில் கூறுவது இதற்கு நேர்மாறானது.

புரதத்தின் கட்டடக் கல்லாகிய அமினோவமிலத்தையே நோக்குக. ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலியில் 146 அமினோவமிலங்கள் உள. ஆறாம் இடத்திலுள்ள குளுத்தாமிக் அமிலத்தின் இடத்தை வலீன் பெறுவதே அரிவாட் குருதிச்சோகையின் மூலம் என 1957இல் இங்கிரம் நிறுவினார். இவ்விகாரத்தைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெறுபவர் நோயாளியாவர். ஒருவரிடமிருந்து மட்டும் பெறுபவரோ மலேரியாவுக்கு எதிரான காப்பினைப் பெறுவர் என 1954இலேயே அலிசன் காட்டியிருந்தார். 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடையேயும் இவ்விகாரம் கண்டறியப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் மன்னாரிற் கரையேறி, நுளம்பு மலிந்த வறண்ட வலயக் காடுகளூடாக மாத்தளைக்கு நடந்தனர். மலேரியாவும் வாந்திபேதியும் வழியிற் பலரை மாய்த்தன. அவர்களுள் ஒருவர் அந்த வலீனை ஒற்றையாகத் தாங்கியிருப்பின், அது அவருக்குக் கேடயம். 2012இன் பின் இலங்கையில் உள்நாட்டு மலேரியாத் தொற்று அற்றுப்போக, 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றளித்தது. இன்று அதே வலீன் வெறுஞ் சுமையே. மாறியது அமிலமன்று, சூழல்.

புறச்சூழல் மட்டுமன்றி, புரதத்தின் அகச்சூழலும் தகுதியை மாற்றுகிறது. அல்பா சினுக்கிளீன் என்னும் புரதத்தின் 53ஆம் இடத்தில் அலனைனுக்குப் பதிலாகத் திரியோனைன் அமைந்தால் மனிதனுக்குப் பாக்கின்சன் நோய் நேர்கிறது. எலிக்கோ அங்குத் திரியோனைனே இயல்பு. மேலும், ஓரிடத்தில் நெடுங்காலம் தங்கும் அமிலத்துக்கு இசைய அதன் அயலிடங்களும் காலப்போக்கில் மாறுகின்றன. வந்தபோது எவ்விதச் சிறப்புமற்றிருந்தது, பின்னர் அகற்றவியலாததாகின்றது. பொலொக் முதலியோர் 2012இல் இதனைக் கணிப்பு மாதிரிகளாற் புலப்படுத்தினர்.

இரும்பைப் பற்றிநிற்கும் இசுத்திடீன் மாறுவதில்லையே என்பர் எதிர்வாதியர். உண்மை. ஆயின் அந்நிலைபேறு இசுத்திடீனின் குலப்பெருமையாற் கிட்டியதன்று. அவ்விடத்தில் அது ஆற்றும் பணியாற் கிட்டியது. வேறோரிடத்தில் அதே இசுத்திடீன் வேண்டப்படாததாகலாம்.

புரதத்திலிருந்து சமூக நீதியைக் கறக்க முடியாது என்பதும் மெய்யே. எனினும், அறிவியலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவர் அதன் வாக்குமூலத்தைக் கேட்டே ஆகவேண்டும். சூழலைக் குறிப்பிடாது தகுதியைப் பேசுதல் பொருளற்றது என்பதே அவ்வாக்குமூலம்.

தோட்ட மக்களின் சூழலை இயற்கை வகுக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் வரப் 2003ஆம் ஆண்டாயிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் மண்ணை மறுத்துவிட்டு, விதையைப் பழிப்பது அறிவியலன்று. அநீதிக்கு அறிவியற் போர்வை போர்த்துதலே. எல்கடுவப் பிள்ளையின் குருதியை ஆராயப் புகுமுன், அப்பிள்ளை நடக்கும் பாதையையும் அமரும் வகுப்பறையையும் ஆராய்வதே கற்றோர் கடன்.