முதியோர் விழுவது விதியா?

இரவில் மலசலகூடத்துக்குப் போகும் வழியில் முதியவர் ஒருவர் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, இரண்டொரு மாதம் பாயில் கிடந்து இறந்துபோனால், "வயது வந்தது, போய்ச் சேர்ந்தார்" என்று ஊர் சொல்லிவிடுகிறது. இதனை நாம் ஏற்பதற்கில்லை. கிடையில் கிடந்ததால் நியுமோனியா வந்தது, படுக்கைப்புண் வந்தது. இவற்றுக்கெல்லாம் தொடக்கம் அந்த ஒரு சறுக்கல்தான். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 684,000 பேர் விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்தது. அவர்களுள் 60 வயதைக் கடந்தோரே அதிகம்.

இடம்பெயர்ந்த குடும்பங்களில் இவ்வாபத்துக் கூடுதல் என்பது எமது எண்ணம். சொந்த வளவில் ஐம்பது வருடம் நடந்த ஆச்சிக்குக் கண் மங்கினாலும் கால் வழி சொல்லும். படி எங்கே, கிணற்றடி எங்கே, வேம்பின் வேர் எங்கே என்று பாதத்துக்குத் தெரியும். தகரக் கொட்டிலில் அந்த அறிவு உதவாது. பழைய காணிக்கே திரும்பியவர்களுக்கும் வீடு புதிது, மலசலகூடம் வேறு மூலையில். கிணற்று நீர் கெடாதிருக்க அதனைத் தூரத்தில் அமைப்பது சரியே. ஆனால் அந்தத் தூரத்தை இருட்டில் நடக்கப்போவது யார் என்று வீட்டுத்திட்டம் வரைவோர் யோசிப்பதாகத் தெரியவில்லை. சதுர அடியைக் கணக்கிடுவார்கள், ஒரு கைபிடிக்கு இடமிராது. (ஆலயப் படிகள் கட்டுவோரும் இதில் திறமில்லை.)

திட்டங்கள் திருந்தும்வரை காத்திருக்க வேண்டாம். வாசலிலிருந்து மலசலகூடம் வரை உறுதியான கதியால்களை நட்டு, இடுப்பளவு உயரத்தில் தடித்த கயிறொன்று கட்டுங்கள். பாரம் தாங்குமா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள். குந்தி எழும்பப் பிடிப்பதற்கு உள்ளே ஒரு தடி நடுங்கள். மாரியில் பாசி பிடிக்கும் சீமெந்தைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவுங்கள். நடக்க இயலாதவருக்கு இரவில் மூடியுள்ள வாளியொன்றை அருகில் வைக்கலாம். காலையில் அதைக் கழுவுவது மருமகளின் வேலை மட்டுமல்ல, மகனுக்கும் கையுண்டு.

இரவில் எழும்பப் பயந்து பின்னேரமே தண்ணீர் குடியாமல் விடும் முதியோர் பலர். உடலில் நீர் குறைந்தால் தலைச்சுற்று வரும். பிரசர் குளிசை எடுப்பவர்கள் சட்டென்று எழும்பினாலும் அப்படித்தான். சற்று நேரம் இருந்துவிட்டு எழும்பச் சொல்லுங்கள்.

குப்பி விளக்கோடு நடப்பவர் விழுந்தால் எரிகாயமும் சேரும். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதில் சரியாத, சரிந்தாலும் உருளாத, திருகுமூடியிட்ட குட்டைப் போத்தல் விளக்கை எமது நாட்டில் உருவாக்கி 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். வீட்டினுள் அத்தகைய விளக்கு நல்லது. வெளியே நடப்பதற்கு ரோச் லைற்றே வேண்டும்.

கட்டிடிந்த கிணறுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். குனிந்து அள்ளும் முதியவருக்கு அங்கே பிடிமானம் எதுவுமில்லை. வீட்டுக்கென்று வரும் முதற் சீமெந்துப் பை கிணற்றுக்கட்டுக்கே போகட்டும். விறாந்தையைப் பிறகு கட்டலாம். அதுவரை கிணற்றைச் சுற்றிப் பனைமட்டை வேலியாவது அடையுங்கள். முதியவருக்குத் தண்ணீரை இளையவர் அள்ளிக் கொடுக்கட்டும்.