கோடு மாறினால் போதுமா?

ஓர் ஊரை வேறோர் ஊரோடு சேர்ப்பது சர்க்காருக்குச் சுலபமான காரியம். படத்தில் ஒரு கோட்டை அழித்துச் சற்றுத் தள்ளி இன்னொரு கோடு போட்டால் முடிந்தது. ஆனால் அந்தக் கோட்டுக்குள் குடியிருப்பவர்களுக்கு விஷயம் அவ்வளவில் முடிவதில்லை. வரி கட்டும் இடம் மாறுகிறது. மனுக் கொடுக்கும் கச்சேரி மாறுகிறது. வீட்டு வாசலுக்கு வரும் வழி மட்டும் பெரும்பாலும் மாறுவதே இல்லை!

இதைத் திருத்தணியை முன்னிட்டுச் சிந்திப்பது பொருத்தமாகும். இணைப்பு என்ற சொல்லின் பொருளை அனுபவத்தில் அறிந்த ஊர் அது. 1911-ல் சித்தூர் ஜில்லா புதிதாக ஏற்பட்டபோது, வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் உதயமானபோது, ஜில்லாவோடு திருத்தணியும் போயிற்று. தமிழ் பேசும் ஜனங்கள் இதை ஏற்கவில்லை. ஸ்ரீ ம. பொ. சிவஞானமும் அவருடைய தமிழரசுக் கழகமும், அந்தப் பகுதியிலேயே உழைத்த மங்கலங்கிழார், கே. விநாயகம் முதலியோரும் கிளர்ச்சி நடத்தினார்கள். பலர் சிறை சென்றார்கள். பிறகு ஸ்ரீ படாஸ்கர் மத்தியஸ்தராக நியமிக்கப்பட்டார். கிராமத்தை அலகாகக் கொள்வது, அங்கே பெரும்பான்மையோர் பேசும் பாஷையைப் பார்ப்பது, நிலத் தொடர்ச்சியைக் கவனிப்பது என்ற முறையில் எல்லை வகுக்கப்பட்டது. 1959-ல் பார்லிமெண்டு சட்டம் இயற்றிற்று. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. செங்கற்பட்டு, சேலம் ஜில்லாக்களில் தெலுங்கு பேசும் சில கிராமங்கள் பதிலுக்கு ஆந்திரத்தை அடைந்தன.

இந்த வரலாற்றில் ஒரு படிப்பினை உண்டு. ஜனங்கள் கேட்டார்கள், வாதாடினார்கள், கஷ்டப்பட்டார்கள். அதன் பிறகே கோடு மாறியது. ஆயினும் பாஷையைக் கொண்டு வகுத்த எல்லை, ஆற்றையும் சந்தையையும் கேட்டு வகுத்ததல்ல. பொதட்டூர்ப்பேட்டையிலும் தறி ஓடுகிறது. எல்லைக்கு அப்பால் நகரியிலும் தறி ஓடுகிறது. ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால், பள்ளிப்பட்டுப் பக்கத்தில் கொசஸ்தலை ஆற்றின் தரைப்பாலங்கள் மூழ்குகின்றன. அன்றைக்கு அக்கரைக் கிராமத்துக் குழந்தைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. நோயாளிக்கு வைத்தியமும் இல்லை. எந்த ராஜ்யத்தில் இருக்கிறோம் என்பதைவிட, எப்படி அக்கரை போவது என்பதே அப்போது பெரிய கேள்வி.

இப்போது வேறு வகையான இணைப்பு ஊரூராக நடந்து வருகிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டில் பல கிராம ஊராட்சிகளை அண்டையிலுள்ள நகரங்களோடு சேர்க்கச் சர்க்கார் முற்பட்டது. பல கிராமங்களில் எதிர்ப்புக் கிளம்பிற்று. வீட்டு வரி உயருமே என்பது ஒரு கவலை. கிராமத்தாருக்கென்று ஏற்பட்ட வேலை உறுதித் திட்டம் நகராட்சி எல்லைக்குள் கிடையாதே என்பது கூலிக்காரர்களின் கவலை. கிராம சபையில் எழுந்து நின்று கேட்கும் உரிமை போய்விடுமே என்பது மூன்றாவது. இவை வீண் பயம் என்று தள்ளத் தக்கவை அல்ல. நகரமாகும் பாக்கியத்துக்கு விலை கொடுக்கிறவன், என்ன சரக்கு வாங்குகிறோம் என்று கேட்கக் கூடாதா?

இதற்கிடையில் மனை வியாபாரம் மும்முரமாக நடக்கிறது. சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையும், அரக்கோணம் ரேணிகுண்டா ரயில் பாதையும் திருத்தணி வழியாகவே செல்கின்றன. இத்தகைய இடங்களில் நேற்றைய கழனி இன்று வீட்டு மனையாவதில் ஆச்சரியமில்லை. நடுத்தரக் குடும்பத்தார் ஆயுள் சேமிப்பைக் கொடுத்து ஒரு மனை வாங்குகிறார்கள். மனைக்குள்ளே முப்பதடிச் சாலை படத்தில் அழகாக ஓடுகிறது. ஆனால் அந்தச் சாலை எங்கே போய்ச் சேருகிறது? சில இடங்களில் ஒரு வாய்க்கால் கரையில். சில இடங்களில் பக்கத்து நிலக்காரர் தயவில்!

1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம், ஒரே நிலத்தைப் பிரித்து விற்றதால் வழியற்றுப் போன துண்டுக்கு, மற்றத் துண்டின் மேல் வழி உரிமை உண்டு என்கிறது. மெய்தான், ஆனால் அதைக் கோர்ட்டில் நிலைநாட்டும் வரையில் வீடு கட்ட மணலும் செங்கல்லும் ஆகாய மார்க்கமாகவா வந்து சேரும்? 2016-ல் சென்னை ஹைகோர்ட்டு, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்வதைத் தடுத்தது. 2016 அக்டோபர் 20-ஆம் தேதி வரையில் விற்ற மனைகளை வரன்முறை செய்ய 2017-ல் விதிகள் வந்தன. அதனால் பத்திரம் நேராயிற்று. குறுகிய சந்து அகன்றுவிடவில்லை.

ஆகையால் மனை வாங்கும் குடும்பத்தார் மூன்று காரியங்களைக் கவனிப்பது நலம். முதலாவது, மனைப் பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்பது. இரண்டாவது, அதன் உட்சாலைகள் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டனவா என்பது; ஒப்படைக்காத சாலைக்கு விளக்குப் போடவும் பழுது பார்க்கவும் எவரும் கடமைப்பட்டவர் அல்ல. மூன்றாவதே முக்கியமானது: பொதுச் சாலையிலிருந்து மனைப் பிரிவு வரையில் உள்ள வழி, கிராமப் புலப்படத்தில் பாதையாகவே காணப்படுகிறதா? பட்டா நிலமாகவோ வாய்க்கால் புறம்போக்காகவோ காணப்பட்டால், தரகர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் முன்பணம் கொடுக்க அவசரம் வேண்டாம்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. இணைப்பு உத்தரவோடு கூடவே, எந்தக் கிராமத்துக்கு எந்தச் சாலை, எந்தத் தரைப்பாலத்துக்குப் பதில் மேம்பாலம், எத்தனை வருஷத்துக்குள் என்ற அட்டவணையும் வெளியாக வேண்டும். புதிய வரிக்குக் கேட்பு வருவதற்கு முன்னால் சாலைக்கு ஜல்லி வரட்டும். அப்படிச் செய்தால், நகரத்தோடு சேர மறுக்கும் கிராமங்களில் பாதி தாமாகவே இணங்கிவிடும்.

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலைக்குக் காவடி எடுத்து வருவோரில் தமிழரும் உண்டு, ஆந்திரரும் உண்டு. நடக்க வல்லவருக்கு அங்கே 365 படிகள் இருக்கின்றன. இயலாதவருக்கு வண்டிப் பாதையும் இருக்கிறது. வருகிறவன் எவனாயினும் அவன் ஏறி வர வழி செய்து வைத்த பிறகே வாருங்கள் என்று அழைப்பது நம் நாட்டு முறை. நகராட்சிகளும் அந்த முறையைக் கைக்கொள்ளலாம்.