காசு கொடுத்து விழக் கற்றுக்கொள்ளலாமா?

"டாக்டர், ரஷ்யாக்காரங்க சண்டைக் கலையாம். சனி, ஞாயிறு ரெண்டு நாள் பயிற்சி முகாம். ஃபீஸ் கட்டிட்டேன். போகலாமில்ல?"

கேட்டவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். வயது நாற்பத்தாறு. இடுப்பு வலிக்காக என்னிடம் தொக்கணம் செய்துகொள்ள வந்துகொண்டிருந்தார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தாராளமாப் போங்க. உடம்பு நல்லா இளகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் மனைவியிடமிருந்து போன். மூச்சை அடக்கிக்கொண்டு தண்டால் எடுக்கச் சொன்னார்களாம். எடுத்தார். எழுந்தார். அப்படியே கண் இருட்டிக் குப்புற விழுந்துவிட்டார். நெற்றியில் மூன்று தையல். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்த அழுத்தம் நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து!

"நீங்க சொல்லித்தானே டாக்டர் போனாரு?" என்றார் அந்தம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் உறைக்கிறது.

பிறகுதான் தெரிந்தது. அவர் பி.பி. மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. "உங்க கஷாயம் குடிக்கிறேனே, அப்புறம் அது எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார். நான் கொடுத்தது இடுப்பு வலிக்கான கஷாயம். பி.பி. இருப்பது எனக்குத் தெரியும். மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டேனா? இல்லை. முகாமுக்கு அனுப்பும் முன் அழுத்தம் பார்த்தேனா? அதுவும் இல்லை. தப்பு என்னுடையது. அந்தத் தப்பை இன்னொரு முறை செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இது என்ன கலை?

ஆவடிக்காரர்களுக்கு ரஷ்யா புதிதில்லை. கனரக வாகனத் தொழிற்சாலையில் டி-72 டாங்கியும், பிறகு டி-90 டாங்கியும் ரஷ்யத் தொழில்நுட்பத்தில்தான் உருவாயின. டாங்கிக்குப் பிறகு இப்போது அவர்களுடைய தற்காப்புக் கலையும் வார இறுதி முகாம் என்ற பெயரில் நம் ஊர் இளைஞர்களை இழுக்கிறது.

ரஷ்யக் கலைகளில் பேர் பெற்றவை இரண்டு. ஒன்று சாம்போ. 'ஆயுதமில்லாத தற்காப்பு' என்று பொருள்படும் ரஷ்யச் சொற்களின் சுருக்கம் அது. 1938 நவம்பர் 16-ல் சோவியத் அரசு அதை விளையாட்டாக அங்கீகரித்தது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் முழு அங்கீகாரம் 2021-ல் கிடைத்தது. இரண்டாவது சிஸ்டமா. சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகுதான் இது வெளி உலகத்துக்கு வந்தது. மாஸ்கோவில் மிகையீல் ரியாப்கோ என்பவர் கற்பித்தார். அவர் 2023-ல் காலமானார். அவருடைய சீடர் விளாடிமிர் வசிலியெவ் கனடாவின் டொரன்டோவில் 1993-ல் பள்ளி தொடங்கினார். அங்கிருந்துதான் பல நாடுகளுக்கு இது பரவியது.

சிஸ்டமாவில் பெல்ட் கிடையாது. கராத்தேயில் இருக்கிற மாதிரி வரிசையான 'கட்டா'வும் கிடையாது. நான்கே நான்கு விதிதான். மூச்சை விடாதே, அதாவது நிறுத்தாதே. உடம்பைத் தளர்த்து. முதுகை நிமிர்த்து. அசைந்துகொண்டே இரு. அவ்வளவுதான்!

நானும் போய்ப் பார்த்தேன்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. தெரியாத விஷயத்துக்கு 'போங்க' என்றது தப்பு. தெரியாமலே 'போகாதீங்க' என்பதும் தப்புதானே? வெளியூரில் நடந்த இரண்டு நாள் முகாம் ஒன்றுக்குப் பணம் கட்டி நானே போனேன், ஐம்பத்து மூன்று வயதில்! கூட இருந்தவர்கள் எல்லாம் என் மகன் வயசு.

முதல் ஒரு மணி நேரம் யாரும் யாரையும் அடிக்கவில்லை. தரையில் படு, எழுந்திரு. உட்கார், எழுந்திரு. கை ஊன்றாமல் எழுந்திரு. மெதுவாக விழு, உருண்டு எழுந்திரு. இதுதான் பாடம். என் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன், இருபத்தெட்டு வயசு, தரையிலிருந்து எழ முழங்காலைப் பிடித்துக்கொண்டு முக்கினான்.

எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்கினார்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாயை விரித்துப் படுத்தார்கள். காலையில் எழுந்து பாயைச் சுருட்டினார்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை தரைக்குப் போய் எழுந்திருப்பார்கள்! யாரும் அதற்கு ஃபீஸ் வாங்கவில்லை. இன்றைக்கு நம் வீட்டில் டைனிங் டேபிள், சோபா, கட்டில், வெஸ்டர்ன் டாய்லெட். முழங்கால் வலிக்காரர்களுக்கு இவை வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் முப்பது வயசுக்காரர் தரையைத் தொட்டே மாதக்கணக்கு ஆகிறதே! தரையை மறந்த உடம்புக்கு விழத் தெரியாது. விழும்போது கட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும். மணிக்கட்டு முறியும். வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறியும். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த பெரியவர்கள் பலர் பழையபடி நடப்பதே இல்லை. உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார், யோசித்துப் பாருங்கள்.

ஆகவே என் கட்சி இதுதான். காசு கொடுத்து விழக் கற்றுக்கொள்வதில் வெட்கமே இல்லை. அடிக்கக் கற்றுக்கொள்வது வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பயன்படாமல் போகலாம். விழக் கற்றது மழைக்கால பாத்ரூமிலேயே பயன்படும்.

"எல்லாம் நம்ம கிட்டேருந்து போனதுதான்!"

இதைச் சொல்பவர்கள் நிறைய. சித்த மருத்துவன் என்பதால் என்னிடம் ஆவலாகவே கேட்கிறார்கள். "மூச்சு, தளர்வு... இதெல்லாம் நம்ம சித்தர்கள் சொன்னதுதானே டாக்டர்? ரஷ்யாக்காரன் திருடிட்டான்!"

திருடியதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. சாம்போவை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் வசிலி ஓஷ்செப்கோவ். ஜப்பானுக்குப் போய் கோடோகான் பள்ளியில் ஜூடோ படித்து வந்தவர். ஜப்பானின் ஒற்றர் என்று குற்றம் சாட்டி 1937-ல் அவரைப் பிடித்தார்கள். சிறையிலேயே இறந்தார். அதன் பிறகு பல ஆண்டுகள் அவர் பெயரையே வெளியில் சொல்லவில்லை. ஜப்பானில் படித்த வித்தையை முழுக்கச் சொந்த மண்ணின் வித்தையாகக் காட்ட வேண்டியிருந்தது. 'எல்லாம் நம்முடையதே' என்கிற ஆசை எந்த நாட்டையும் விடவில்லை என்பதற்கு இது ஒரு பாடம். சிஸ்டமாவும் பல நூற்றாண்டுப் பழமை என்று சொல்லிக்கொள்கிறது. அதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை.

நம் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம். வர்மத்தில் 108 இடங்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96. கன்னியாகுமரி மாவட்ட ஆசான்கள் அடிமுறையையும் வைத்தியத்தையும் சேர்த்தே காப்பாற்றி வந்தார்கள். அடிபட்டவனை எழுப்பும் இளக்குமுறை தெரியாதவனுக்கு அடிக்கும் இடத்தைச் சொல்லித் தர மாட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த நியாயம் அது! 2025 மார்ச்சில் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் ஒரே நேரத்தில் 567 பேருக்கு வர்ம சிகிச்சை அளித்து கின்னஸ் சாதனை செய்தது. சிலம்பம் 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பெருமைப்பட வேண்டிய விஷயங்கள்தான். ஆனால் பெருமை பேசினால் மட்டும் நம் பிள்ளை தரையில் உட்காருமா? சிலம்பக் கம்பை எடுத்துச் சுற்றினால்தான் தோள் இளகும். அதைச் செய்யாமல் ரஷ்யாக்காரரைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை?

தொடாமல் விழ வைப்பார்களாம்

சில முகாம்களில் குரு கையை அசைப்பார். சீடன் தொடாமலே விழுவான். ஏமாந்துவிடாதீர்கள். குருவின் மேல் உள்ள மரியாதையும், 'விழுந்துவிடுவோம்' என்கிற எதிர்பார்ப்பும்தான் அங்கே வேலை செய்கின்றன. வேண்டுமென்றே எந்தச் சீடனும் நடிக்கிறான் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் குருவை அறியாத ஒருவர் அதே இடத்தில் நின்றால் விழ மாட்டார். தொட்டால் சாவான், பார்த்தால் மயங்குவான் என்று வர்மத்தின் பெயரால் காசு பிடுங்குபவர்களுக்கும் இதே பதில்தான்.

அதே சமயம், தொட்டால் ஆபத்தான இடங்கள் உண்மையிலேயே உண்டு. கழுத்தின் பக்கவாட்டில் பெரிய தமனி பிரியும் இடத்தை அழுத்தினால் நாடி குறைந்து மயக்கம் வரலாம். நெஞ்சில் இதயத்துக்கு நேராக, துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் அடி பட்டால், எலும்பு முறியாமலே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம். விளையாட்டில் பந்து பட்டே இப்படி இறந்த சிறுவர்கள் உண்டு. சிஸ்டமாவில் 'அடி வாங்கும் பயிற்சி' என்று ஒன்று இருக்கிறது. வயிற்றிலும் நெஞ்சிலும் குத்து வாங்கிக்கொண்டு மூச்சை ஊதி ஊதி விடுவார்கள். பிள்ளைகளுக்கு இது வேண்டவே வேண்டாம். பெரியவர்களும் நெஞ்சை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

யார் யார் யோசிக்க வேண்டும்?

ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள், இதய நோய் உள்ளவர்கள், வலிப்பு உள்ளவர்கள் மூச்சடக்கும் பயிற்சி செய்யக் கூடாது. மூச்சை அடக்கி முக்கும்போது அழுத்தம் சட்டென ஏறும், விட்டவுடன் சட்டென இறங்கும். என் நண்பர் விழுந்தது அப்படித்தான். திருமூலர் முறையில் 16 மாத்திரை இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை விடுவதும் குரு பக்கத்தில் இருந்து படிப்படியாகப் பழக வேண்டியது. புத்தகம் பார்த்து ஆரம்பிக்காதீர்கள்.

சர்க்கரையால் கண் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கழுத்து அல்லது இடுப்புத் தட்டு விலகியவர்கள், எலும்பு மெலிந்தவர்கள் ஆகியோர் தங்கள் டாக்டரைக் கேட்காமல் உருளவோ புரளவோ கூடாது. முக்கியமாக ஒன்று. சித்த மருந்து சாப்பிடுகிறோமே என்று பி.பி., சர்க்கரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். சித்த மருத்துவனாகிய நானே சொல்கிறேன்.

பணம் கட்டும் முன் நடத்துகிறவரிடம் சில கேள்விகள் கேளுங்கள். எனக்கு என்ன நோய் என்று விசாரித்தீர்களா? ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்? 'போதும்' என்று தட்டினால் உடனே விடுவார்களா? முதலுதவி யாருக்குத் தெரியும்? பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர் உண்டா, அம்மா அப்பா உட்கார்ந்து பார்க்கலாமா? இதற்கெல்லாம் முகம் சுளித்தால், 'வரேங்க' என்று கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புங்கள். இரண்டு நாளில் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு மூன்றாம் நாளே சொந்தமாக வகுப்பு ஆரம்பிப்பவர்களிடமும் ஜாக்கிரதை!

செலவில்லாமல் இரண்டு பாடம்

முகாமுக்குப் போக முடியாதவர்களுக்கு நான் அங்கே கற்றதில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, மூச்சு நடை. காலையில் நடக்கும்போது இரண்டு அடிக்கு மூக்கால் மூச்சை இழுங்கள். அடுத்த இரண்டு அடிக்கு வாயால் மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மூன்றடிக்கு மூன்றடி, பிறகு நான்குக்கு நான்கு. திணறல் தெரிந்தால் பழைய எண்ணுக்கே திரும்புங்கள். எங்கேயும் மூச்சை அடக்க வேண்டாம். ஷிப்ட் முடிந்து பஸ் நெரிசலில் தோள் இறுகிப்போய் வீடு திரும்புகிறவர்கள், பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரைக்கும் இப்படியே நடந்து வாருங்கள். தெருமுனையிலேயே பாதி எரிச்சல் இறங்கிவிடும். வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் என்னை வாழ்த்துவார்கள்!

இரண்டு, தரை. முழங்கால் ஒத்துழைக்கிறவர்கள் ஒரு வேளைச் சாப்பாடாவது தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பெரியவர்கள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, மெதுவாகத் தரைக்கு இறங்கி எழுந்து பழகுங்கள். முதல் வாரம் ஒரு தடவை போதும்.

அந்த அம்பத்தூர் நண்பர் இப்போது மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். அழுத்தம் கட்டுப்பட்ட பிறகு, மூச்சடக்கும் பயிற்சியை மட்டும் ஒதுக்கிவிட்டு ஞாயிறுதோறும் விழுந்து எழப் பழகுகிறார். அவர் மனைவி போன வாரம் இடுப்பு வலி என்று வந்தார். "நானும் அவரோட சேர்ந்து கத்துக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார்.

இந்த முறை வாயைத் திறக்கும் முன் பி.பி. கருவியை எடுத்தேன்.