‘போட்டுட்டான்’ என்று சொல்வதற்கு முன்

“சட்டம் போட்டுட்டான்லா, நாம என்ன செய்யறது?”

எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே தே தாரிக் குடிக்கும்போது ஓர் அங்கிள் வழக்கமாகச் சொல்வது இது. மேல்மாடி அக்காவின் தம்பியைச் சொஸ்மாவில் கொண்டுபோன வாரத்திலும் இதையேதான் சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போட்டது யார்? நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைப் பொறியாளர். ஒரு ஸ்க்ரூவின் அளவை மாற்றவே நாலைந்து பேர் கையெழுத்துப் போடணும். பின்னால் கோளாறு வந்தால் முதலில் அந்த ஃபைலைத்தான் திறப்போம். சட்டத்துக்கும் அப்படி ஒரு ஃபைல் உண்டு. நாம்தான் திறப்பதில்லை.

மக்களவையில் ஒரு மசோதாவுக்கு மூன்று வாசிப்பு. முதலாவதில் தலைப்பைப் படிப்பதோடு சரி. இரண்டாவதில் கொள்கை விவாதம். அப்புறம் அவையே குழுவாக மாறிப் பிரிவு பிரிவாகப் பார்க்கும். மூன்றாவது முடிந்தால் மேலவை. அங்கே 70 பேரில் 44 பேர் நியமனம், மீதி 26 பேர் மாநிலச் சட்டமன்றங்கள் அனுப்பியவர்கள். நாம் நேரடியாக ஓட்டுப் போட்டு அனுப்பியவர் ஒருவரும் இல்லை. மேலவையால் மசோதாவைத் தாமதப்படுத்தலாம், அடியோடு நிறுத்த முடியாது. கடைசியில் மாமன்னர். 30 நாளில் ஒப்புதல் வராவிட்டாலும் அது சட்டமாகிவிடும். 2016இல் தேசியப் பாதுகாப்பு மன்றச் சட்டம் அப்படித்தான் வந்தது.

ஆக, நம் கைக்கு எட்டும் கதவு ஒன்றுதான்: மக்களவையின் 222 இருக்கைகள்.

அந்த இருக்கைகளின் கதை என்ன? விசாரணை இல்லாமல் இரண்டு ஆண்டு தடுத்துவைக்க வழிசெய்யும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், 2015 ஏப்ரல் 7 அன்று நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு மேல் நிறைவேறியது. ஆதரவு 79, எதிர்ப்பு 60. கூட்டிப் பாருங்கள், 139. மீதி எண்பதுக்கு மேற்பட்டவர்கள் எங்கே?

சொஸ்மா கதை இன்னும் மோசம். மாஜிஸ்திரேட்டிடம் போகாமலே 28 நாள் வரை காவலில் வைக்க அனுமதிக்கும் அதன் 4(5) பிரிவு தானாக நீடிக்காது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இரு அவைகளும் தீர்மானம் போட்டு நீட்டிக்கணும். 2022 மார்ச் 23 அன்று மக்களவையில் அந்தத் தீர்மானம் தோற்றது. ஆதரவு 84, எதிர்ப்பு 86. இரண்டே ஓட்டு வித்தியாசம். வராதவர்கள் 50 பேர். நான்கே மாதத்தில், ஜூலை 26 அன்று, திரும்பக் கொண்டுவந்தார்கள். 111க்கு 88 என்று நிறைவேறியது. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது ஓட்டும் வருகையும்தான்.

“கட்சி சொல்றபடிதானே வைபி ஓட்டுப் போடுவாரு?” என்பீர்கள். உண்மைதான். ஆனால் கட்சி எதற்குப் பயப்படும்? பெயர் வெளியே தெரிவதற்கு. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கில்தான் போகின்றன. யார் எந்தப் பக்கம் என்று பதிவாகாது. 15 உறுப்பினர்கள் எழுந்து நின்று கேட்டால்தான் எண்ணிப் பதிவார்கள். எழுந்து நில்லுங்கள் என்று எத்தனை பேர் நம் வைபியைக் கேட்டிருக்கிறோம்? கோயில் திருவிழாவுக்கு மாலை போடுகிறோம், தமிழ்ப் பள்ளி மானியத்துக்கு மனு கொடுக்கிறோம். கைகட்டி நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில் இந்த ஒரு கேள்வியையும் கேட்கலாம்.

பிடித்துப்போன பிறகு வக்கீலைத் தேடி ஓடுவதைவிட, இரண்டாம் வாசிப்புக்கு முன்னால் ஒரு கடிதம் எழுதுவது மலிவு. 2022இல் கொடுத்த ஐந்தாண்டு நீட்டிப்பு 2027 ஜூலையில் முடிகிறது. ஹன்சார்டு நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

போன வாரம் அங்கிளிடம் கேட்டேன்: “ஜூலை 26 அன்னிக்கு நம்ம வைபி எந்தப் பக்கம், அங்கிள்?” கிளாஸைக் கீழே வைத்தார். “தெரியாதுப்பா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எங்க பாக்கறது?” என்றார்.