பொதுச்சொத்து வேறு, அரசின் சொத்து வேறு

சமூக ஊடகத் தளங்களை மின்சாரம், தொலைபேசி போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளாகக் கருதி அரசு ஒழுங்குபடுத்த வேண்டும் என்னும் வாதத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. சிறு வணிகமும் தேர்தல் பரப்புரையும் வெள்ளக்காலத்து உதவிக் கோரிக்கையும் ஒருசில தனியார் தளங்களின் வழியே நடைபெறும்போது, காரணம் கூறாமல் ஒருவரது கணக்கை முடக்குவது மின் இணைப்பைத் துண்டிப்பதற்கு ஒப்பானதே.

ஆயினும் இவ்வொப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. விளக்கொளியில் எந்த நூல் வாசிக்கப்படுகிறது என்று மின்வாரியம் கேட்பதில்லை. சமூக ஊடகமோ எதை முன்னிறுத்துவது, எதைப் பின்தள்ளுவது என்று இடையறாது தேர்கிறது. எனவே அதை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் பேச்சையும் தீண்டும். அவ்வதிகாரம் எவரிடம் இருக்க வேண்டும் என்பதே உண்மையான வினா.

1995இல் வங்காள கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் வானலைகளைப் பொதுச்சொத்து என்றது. அவற்றை அரசு தன் ஏகபோகமாக்கிக்கொள்ளலாகாது, தன்னாட்சியுடைய பொது அமைப்பே நெறிப்படுத்த வேண்டும் என்றும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது. முற்பகுதியை ஏற்போர் பிற்பகுதியை மறந்துவிடுகின்றனர்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 69ஏ பிரிவு நிலைத்தது. அதன்கீழ் 2009இல் வகுக்கப்பட்ட விதிகள், முடக்கக் கோரிக்கைகளும் நடவடிக்கைகளும் இரகசியமாகப் பேணப்பட வேண்டும் என்கின்றன. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உருவாக்கிய மேல்முறையீட்டுக் குழுக்களை ஒன்றிய அரசே அமைக்கிறது. அரசை விமர்சித்த பதிவு நீக்கப்பட்டால், பயனர் முறையிட வேண்டியது அக்குழுவிடமே.

மாற்றுவழிக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2015 டிசம்பரில் ஆலோசனைத் தாள் வெளியிட்டு, பொதுமக்கள் கருத்தறிந்து, 2016 பிப்ரவரியில் இணையத்தரவுக் கட்டணப் பாகுபாட்டைத் தடைசெய்தது. எவருடைய பேச்சையும் அது தீண்டவில்லை. பாதை அனைவருக்கும் பொது என்பதையே உறுதிசெய்தது.

அந்த ஆணையத்தின் உறுப்பினர்களையும் அரசே நியமிக்கிறது என்பது நியாயமான மறுப்பு. ஆகவேதான் சமூக ஊடகத்துக்கான அமைப்பின் நியமனங்களில் எதிர்க்கட்சித் தலைவருக்கும் நீதித்துறைக்கும் பங்கு வேண்டும். 2021 விதிகளில் இடம்பெற்றுள்ள முன்னறிவிப்பையும் காரணம் கூறலையும் செயலளவில் உறுதிசெய்தல், தரவுகளுடன் வேறு தளத்துக்குப் பெயரும் உரிமை, பதிவுகளை வரிசைப்படுத்தும் நெறிமுறையின் மீது சுயேச்சையான ஆய்வு ஆகியவை அதன் பணிகளாகலாம். எது உண்மை, எது பொய் எனத் தீர்ப்பளிப்பது அதன் பணியாகலாகாது.

நிறுவனங்களின் தன்னிச்சைக்கு எதிராகக் குடிமக்கள் கேட்பது பாதுகாப்பு. அதன் பெயரால் அவர்களை அரசின் தன்னிச்சைக்கு ஒப்படைப்பது ஒழுங்குமுறை ஆகாது.